விக்கிரமனைக் கப்பலில் ஏற்றிவிட்டு நிற்கிறோம்: ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மாதம் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்திருந்தீர்கள். ஏழாம் வகுப்பில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மேசையில் தாள் தாளாகக் கிடந்த புத்தகத்தையும் தரையில் சாக்பீஸால் வரைந்திருந்த காவிரியையும் பார்த்தீர்கள், புத்தகம் கிழிக்கப்பட்டுள்ளது, பாடவேளை வீணாகிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளும் கணக்குப் பயிற்சிக்குப் போய்விட்டன. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், நீங்கள் எழுதியதை அவர் எப்படி மீறுவார்? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். அந்த இரண்டு பாடவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் புத்தகம் பள்ளி நூலகத்துடையது இல்லை ஐயா, என்னுடையது. கல்கியின் பார்த்திபன் கனவு, உறையூர்ச் சோழ மன்னன் பார்த்திபனும் அவன் மகன் விக்கிரமனும் பல்லவர்களை எதிர்த்து நிற்கும் நாவல், நான் ஆறாம் வகுப்பு முடித்த லீவில் அப்பா வாங்கித் தந்தது. வகுப்பில் பிள்ளைகள் 34 பேர், புத்தகம் ஒன்றே ஒன்று. 34 பேருக்கும் ஜெராக்ஸ் எடுக்க என் சம்பளம் இடம் கொடுக்காது. நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன், இரண்டாவது வாரமே பின்பெஞ்சு தூங்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவின் கையெழுத்து இருக்கும் முதல் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் முதுகைப் பிரித்தேன், எனக்கும் மனசு வலிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஆளுக்கு இரண்டு, சிலருக்கு மூன்று என்று கொடுத்தேன். தன் பங்கை வீட்டில் படித்துவிட்டு வரிசை வரும்போது எழுந்து கதை சொல்ல வேண்டும். ஒருத்தர் படிக்காமல் வந்தால் கதை அங்கேயே நின்றுவிடும், மற்ற 33 பேரும் அவரைச் சும்மா விட மாட்டார்கள். நீங்கள் கிழித்தது என்று எழுதியது இதைத்தான்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். அவன் தாத்தா காவிரியில் பரிசல் போட்டவர். படகோட்டி பொன்னன் வரும் அத்தியாயத்தை வேண்டுமென்றே அவனிடம் கொடுத்தேன். மூன்று ராத்திரி தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறான். வெள்ளிக்கிழமை முன்னால் வந்து கதையைச் சொன்னவன், அதோடு நிற்கவில்லை. வெள்ளக் காலத்தில் நேராக எதிர்க்கரைக்கு விட முடியாது, கரையோரமாகவே மேலே கொஞ்ச தூரம் போய் அங்கிருந்து சரித்துத்தான் விட வேண்டும், இல்லையென்றால் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று, புத்தகத்தில் இல்லாததையும் தரையில் இருந்த காவிரியில் காலால் நடந்தே காட்டினான். அன்றைக்கு அவன் கை பொத்தானுக்குப் போகவே இல்லை.

அந்த வரைபடம் வந்த கதையும் அப்படித்தான். பார்த்திபனின் தலைநகர் உறையூர் என்று நான் சொன்னதும், "வெக்காளியம்மன் கோயில் இருக்கே, அந்த உறையூரா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், நம்ம டவுன் பஸ் போகிற அதே உறையூர்தான் என்றேன். வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. காவிரி, கொள்ளிடம், போர் நடந்த வெண்ணாற்றங்கரை, காஞ்சி, மாமல்லபுரம், கதவோரத்தில் வாதாபி என்று அவர்களே வரைந்து முடித்தார்கள். சுவரில் ஒரு சார்ட்டும் இருந்தது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. நடந்தது ஒரு பக்கம், கல்கி கற்பனை செய்தது மறுபக்கம். பல்லவ மன்னர் நரசிம்மவர்மரும் அவர் படைத்தலைவர் பரஞ்சோதியும் 642-இல் சாளுக்கியர் தலைநகரான வாதாபி வீழ்ந்ததும் முதல் பக்கத்தில். பார்த்திபனும் விக்கிரமனும் பொன்னனும் அடுத்த பக்கத்தில். "அப்போ பார்த்திபன் பொய்யா?" என்று அரைமணி நேரம் சண்டை. பல்லவர் காலத்திலும் உறையூரில் சோழர் யாராவது இருந்திருப்பார்கள்தானே, நமக்குப் பேர் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றாள் ஒருத்தி. வரலாறு படிப்பது என்றால் இதைவிட வேறென்ன ஐயா?

தோற்போம் என்று தெரிந்தே கப்பம் கட்ட மறுத்து பார்த்திபன் போருக்குப் போனது சரியா என்று வழக்காடு மன்றம் வைப்பதாக இருந்தோம். பார்த்திபனின் மனைவி ராணி அருள்மொழி பக்கம் பேச இரண்டு பெண்கள் நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் கணக்குப் பயிற்சி வந்தது. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வாரத்தில் வேறு நேரம் இருக்கிறது, வாசிப்புக்கு இருந்தது இது மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாசிப்பு இயக்கம் என்று துறையே சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டு அனுப்புகிறது, நல்ல விஷயம், பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள். அவர்கள் அதைத் தாண்டி ஒரு பெரிய நாவலைத் தொட்டால் மட்டும் ஏன் நேரம் வீண் ஆகிறது? எமிஸ் என்ற துறையின் இணையதளத்தில் விவரம் ஏற்றவும் போட்டோ எடுத்து அனுப்பவும் வாரத்தில் எத்தனை பாடவேளை போகிறது என்று எந்தப் பதிவேட்டிலாவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? கல்கியின் எழுத்துகளை அரசு 1999-லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சிடலாம். வகுப்புக்குப் பத்துப் பிரதி இருந்திருந்தால் நான் பிளேடைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன், வயதில் மூத்தவர் நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரதிகள் வரும்போது வரட்டும். இப்போது கேட்பது இரண்டுதான்: பதிவேட்டில் எழுதிய அந்த வரியைத் திருத்துங்கள், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் வழக்காடு மன்றம் நடக்கும் அன்று வாருங்கள், நீதிபதி நாற்காலியை உங்களுக்கே விட்டுவைக்கிறோம்.

விக்கிரமனைச் செண்பகத் தீவுக்குக் கப்பல் ஏற்றியதோடு கதை நிற்கிறது. கதையில் மர்மமாக வந்து போகும் சிவனடியார் உண்மையில் யார் என்பது வரும் அத்தியாயம் ஒரு பையனிடம் இருக்கிறது. கூட்டாளிகள் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. தன் வரிசை எப்போது வரும் என்று தினமும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறான்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை