எந்தக் கட்டத்தில் குறியிடுவது? கைகொடுத்தோருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான கையேட்டில் ‘இனம், மொழி, பெயர்’ என்ற பகுதி ஒருவழியாக முடிந்தது. அதில் எங்கள் எழுத்தைவிட உங்கள் சிவப்பு மைதான் அதிகம். யார் எதைத் திருத்தினீர்கள் என்பதைச் சொல்லியே நன்றி சொல்ல நினைக்கிறோம்.

முதல் வணக்கம், கணக்கெடுப்புப் படிவங்களைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு. ‘இனம் எது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தோம். எந்த நாட்டுப் படிவத்தில் உள்ளதை என்று திருப்பிக் கேட்டீர்கள். நியாயம்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கணக்கெடுப்பில் அவர் இலங்கைத் தமிழர். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத்தவரை 1911 முதல் இந்தியத் தமிழர் என்று தனியே எண்ணுகிறார்கள். வீட்டில் தமிழே பேசினாலும் சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் வேறு இனம். அந்த யாழ்ப்பாணத்தவரே லண்டனுக்குப் போனால், ஆசியர் என்ற தலைப்பின்கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்றெல்லாம் கட்டம் இருக்கும், இலங்கையருக்கு இருக்காது. ‘வேறு ஆசியர்’ என்பதில் குறியிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற பகுப்பில் அவர் இந்தியர் ஆகிவிடுவார். பிரான்சின் கணக்கெடுப்போ குடியுரிமையையும் பிறந்த இடத்தையும் கேட்கும், இனத்தைக் கேட்காது. ஆள் மாறவில்லை, கட்டம்தான் மாறுகிறது. இதைப் புரியவைத்துவிட்டால் புதிதாக வந்தவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்றீர்கள். அந்தப் பத்தியை முதலில் வைத்துவிட்டோம்.

குடியுரிமை, பிறந்த நாடு, இனம், தாய்மொழி, மதம் ஆகிய ஐந்தும் ஐந்து கேள்விகள். ஒன்றின் விடையை இன்னொன்றில் போடுவதுதான் மிகப் பரவலான தவறு என்று காட்டியதற்கும் நன்றி. எழுத இடம் விட்டிருந்தால் நாட்டோடு ‘தமிழர்’ என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னீர்கள். நாட்டை மட்டும் எழுதினால் எண்ணிக்கையும் நாட்டோடு நின்றுவிடும். பெற்றோர் இருவேறு இனமானால் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் எழுதியிருந்தது பழைய கதை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000 முதல் ஒன்றுக்கு மேல் குறியிடலாம். சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டையும் இணைத்துப் பதியலாம். வேலை விண்ணப்பத்தோடு வரும் இனக் கேள்வித்தாள் பல இடங்களில் தனித்தாள், பாகுபாடு நடக்கிறதா என்று பார்ப்பதற்கானது. ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற கட்டம் இருந்தால் அதில் குறியிடுவதும் முறையான விடைதான்.

பெயர்ப் பகுதிக்காகக் கடவுச்சீட்டு, பதிவு வேலைகளில் பழுத்தவர்களுக்கு நன்றி. நம் முன்னெழுத்து (இனிஷியல்) முறை குடும்பப்பெயர் கேட்கும் படிவத்தோடு மோதும் இடங்களை வரிசையாகக் காட்டினீர்கள். அப்பா பெயரை விரித்துக் குடும்பப்பெயரில் இட்டால், அலுவலகத்தில் எல்லாரும் அப்பாவின் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு இவருடைய பெயர் குடும்பப்பெயராகும். மனைவி தன் தந்தை பெயரோடு இருப்பார். ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர். பிள்ளையோடு எல்லை கடக்கையில் ‘இது உங்கள் குழந்தையா’ என்ற கேள்வி வரலாம், பிறப்புச் சான்றின் நகல் கையில் இருக்கட்டும். ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயரில் மட்டும் போட்டால் அமெரிக்க விசாவில் இயற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது; அதையே பெயரென்று எண்ணி அடுத்த அலுவலகமும் ஏற்றிக்கொள்வது உண்டு. ‘ழ’வை ஆங்கிலத்தில் இரண்டு ஆவணத்தில் இரண்டு விதமாக எழுதுவதும் இந்த வகைத் தொல்லைதான். பிழையைத் திருத்துவதானால் கடைசியாக வாங்கிய அட்டையில் அல்ல, முதலில் வாங்கிய ஆவணத்தில் திருத்துங்கள், மற்றவை அதைப் பார்த்தே எழுதப்படுகின்றன என்றீர்கள். இந்த ஒரு வரிக்காகவே கையேட்டைப் பத்திரப்படுத்தலாம்.

மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. பிறந்த நாடு இந்தியா என்று பார்த்ததும் இந்தி மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் பிழை எல்லாருக்கும் தெரியும். தமிழுக்குத் தமிழ் போட்டாலும் வழுக்கும் என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்தவர் ‘எனக்கு வருத்தம்’ என்றால் உடம்புக்கு நோய். தமிழ்நாட்டுக் காதுக்கு அது மனக்கவலை. மருத்துவரிடம் ‘கவலையாக இருக்கிறாராம்’ என்று போய்ச் சேர்ந்தால் சிகிச்சையின் திசையே மாறிவிடும். ஆகவே எந்த மொழி என்பதோடு எந்த வட்டாரம் என்றும் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். பேசுகிறவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும். முடிவில் மருந்து முறையை நோயாளியே தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பிள்ளைக்குக் கலைச்சொல் தெரியாது என்பது சின்னக் காரணம். பிள்ளை முன்னால் பெற்றோர் பலதையும் மறைப்பார்கள் என்பதே பெரிய காரணம். சமூகம் சிறிதென்றால் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராகவே வந்து நிற்பார். அப்போது வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் ஒருவரைக் கேட்கத் தயங்க வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது பெருந்தன்மை.

‘நகரத்தில் ஒவ்வோர் இனமும் ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்கிறது, வெறுப்புதான் காரணம்’ என்ற எங்கள் வரியை அடித்துவிட்ட சமூகவியல் ஆசிரியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டியதைச் சொன்னீர்கள்: அண்டை வீட்டாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தன்னைப் போன்றவராக இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைத்தாலே குடியிருப்பு துண்டுதுண்டாகப் பிரிந்துவிடும். வெறுப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை; வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதும் உண்மை. ஆனால் வரைபடத்தைப் பார்த்து மட்டும் மனத்தைப் படிக்க முடியாது.

அச்சுப்படியில் சந்திப்பிழை பொறுக்கியவர்களே, உங்களுக்கும் நன்றி. இந்த மடலிலும் ஏதாவது இருக்கும், பொறுத்தருளுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்பவருக்குப் பிறந்த ஊரைச் சொல்வதா, குடியிருக்கும் தெருவைச் சொல்வதா? பாதிப்பேர் கேட்பவரின் தொனியைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னீர்கள். மீதிப்பேர் எப்போதும் தெருவையே சொல்லச் சொன்னீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்