சனசமூக நிலையம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வாசிகசாலைக் கூரையில் உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன. கரப்பந்தாட்டத்துக்குப் புது வலை வாங்கினோம். மாதக் கூட்டங்களில் இரண்டு, ஆள் காணாமல் கலைந்தன. இரண்டும் வயல் விதைப்போடு வந்தவை, குறை சொல்ல முடியாது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "வாசிகசாலைத் திறப்பை வேதக்காரச் சிஸ்டரிட்டைக் குடுத்தது ஆர்?" என்று கேட்டது குறிப்பேட்டில் இருக்கிறது. குடுத்தது நான்தான். மீதி அறிக்கையை அதற்கான பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

சிஸ்டர் தென்கொரியாவிலிருந்து வந்தவர். வந்த முதல் மாதமே காய்ச்சலில் விழுந்தார். எதிர்வீட்டு அம்மா, முருகன் கோயிலை விட்டால் வேறு வாசல் மிதிக்காதவர், மூன்று நாள் குத்தரிசிக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு அந்த அம்மாவின் புருசன் தவறியபோது, அந்தியேட்டிக்கு முதல்நாள் இரவு சிஸ்டர் அங்கே பாயில் இருந்து வாழைக்காய் வெட்டினார். கைக்கு எண்ணெய் பூச வேண்டுமென்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கிழமை கயர் போகாத கறுத்த விரல்களோடுதான் திரிந்தார்.

பின்னேர வகுப்பு நாம் திட்டமிட்டதல்ல. கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுதும் பெடியள் நாலு பேர் ஒரு புத்தகத்தை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார்கள். பத்திரிகை பார்க்க வந்த சிஸ்டர் பக்கத்தில் இருந்துவிட்டார். அங்கேயும் மெய்யும் உயிரும் சேர்ந்துதான் ஓர் எழுத்தாகிறது என்பதால் வாசிப்பு கெதியாகப் பிடிபட்டது. கேட்டல்தான் இன்னும் இடிக்கிறது. தகப்பனை அங்கேயும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்களாம். இதைக் கேட்ட நாளிலிருந்து சின்னனுகளும் வகுப்புக்கு வந்து நிற்கின்றன.

புரட்டாதிப் போயா அன்று அவர்களுடைய அறுவடைத் திருநாள். பச்சையரிசி மாவைக் குழைத்து, எள்ளும் சீனியும் வைத்து, பாதி நிலா வடிவில் பிடித்து அவித்தார். அவருடைய ஊரில் பைன் இலை பரப்பி அவிப்பார்களாம். இங்கே வாழையிலைதான். மாதர் சங்கத்தினர் ஒரு கடி கடித்துவிட்டு, "இது எங்கட கொழுக்கட்டையெல்லோ, பயறுதான் காணேல்லை" என்றார்கள். மேற்படி கேள்வி கேட்ட உறுப்பினர் நாலு சாப்பிட்டார். அதையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

மதப்பேச்சு நடக்கவே இல்லையா என்றால், ஒருமுறை நடந்தது. தை 16, புனித யோசப் வாஸ் திருநாளன்று பெடியள் கேட்க, சிஸ்டர் சொன்னார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம். 1687 இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த வாஸ் அடிகள், கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். சில்லாலைச் சனம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. 1711 இல் கண்டியில் இறந்தார். அவரைப் புனிதராக்கிய 2015 தை 14 அன்றே பாப்பரசர் மடுவுக்கும் வந்தார், நம்மில் பலர் போய் நின்றோம். "அவர் சனத்துக்குச் செய்ததைத்தான் எல்லாரும் சொல்லுவினம். அவருக்கு முதல் சோறு போட்ட வீடு எதெண்டுதான் நான் யோசிக்கிறனான்" என்றார் சிஸ்டர். எதிர்வீட்டு அம்மாவும் அன்று அங்கே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

வீசா அலுவலாகப் பத்தரமுல்லைக்குப் போய்வரும் போதெல்லாம் முறிகண்டியில் பஸ் நிற்க, கச்சான் வாங்கிவருவார். வாசிகசாலை மேசையில் கோது கிடப்பதாக வந்த முறைப்பாடு நியாயமானது. அதற்கு ஒரு வாளி வாங்கியுள்ளோம்.

சிஸ்டர் தாயைப் பார்க்க இரண்டு மாத லீவில் போயிருக்கிறார். திறப்பு அலுவலக ஆணியில் தொங்குகிறது, பின்னேரங்களில் வாசிகசாலை பூட்டியே கிடக்கிறது. ஐந்து மணிக்குத் திறக்க முன்வருபவர் கூட்டம் முடிய என்னிடம் பெயர் தரவும்.

செயலாளர்