நர்சரியில் கிடைக்காத நம் மண்ணின் செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் நம் பகுதிக்கே உரிய செடிகளை வளர்க்க வேண்டும் என்று எழுதுவோரும் பேசுவோரும் பெருகியிருக்கும் இந்நாளில், அந்தச் செடிகளை எங்கே போய் வாங்குவது என்ற எளிய கேள்விக்கு விடை கிடைக்காமல் நான் பட்ட பாட்டைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன். சென்னையின் தென்புறத்தில், வீட்டின் முன்னும் பின்னும் சேர்த்து அரை கிரவுண்டுக்கும் குறைவான மண் எங்களுக்கு இருக்கிறது. அதில் இந்தக் கரையோரத்துச் செடிகளை மட்டுமே நடுவது என்று முடிவு செய்து, கடந்த புரட்டாசியில் கன்றுகளைத் தேடிப் புறப்பட்டேன்.

முதல் சிக்கல் சொல்லிலேயே தொடங்கிவிட்டது. நர்சரியில் "நாட்டுச் செடி இருக்கிறதா?" என்று கேட்டால், நாட்டு ரோஜாவையும் ஒற்றை அடுக்குச் செம்பருத்தியையும் எடுத்துக் காட்டுகிறார்கள். வணிகர்கள் பேச்சில் "நாட்டு" என்பதற்கு ஒட்டுக்கட்டாதது, பழைய ரகம் என்பதுதான் பொருள்; அந்தச் செடி எந்த மண்ணில் தோன்றியது என்பது அச்சொல்லுக்குள் வருவதில்லை. "மூலிகைச் செடி" என்று கேட்டால் எங்கிருந்தோ வந்த இன்சுலின் செடியும் சேர்ந்தே வருகிறது. ஆகவே பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அடுத்த கடையில் வெட்சி கேட்டேன். உடனே கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து, பூத்த பிறகு பார்த்தால், அது தெருத் தடுப்புகளில் நகராட்சிகள் நடுகிற குட்டை இட்லிப்பூ. நம் வெட்சியின் இலை காம்பின்றித் தண்டை ஒட்டியே நிற்கும்; இதழ்களின் நுனி கூர்மையாக இருக்கும்; பூ உதிர்ந்த பின் சிவந்து கறுக்கும் பழம் திரளும். என் தொட்டியில் இருந்ததற்கு இதழ் நுனி மழுங்கி வட்டமாக இருந்தது. பல மாதங்களாகப் பூத்தும் ஒரு பழம்கூடப் பிடிக்கவில்லை. சிறுவயதில் மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டில் பறித்துத் தின்ற வெட்சிப் பழத்தை என் பேரனுக்குக் காட்டலாம் என்றுதான் அந்தச் செடியைத் தேடினேன்.

விற்றவரை நான் குறை சொல்லவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது அவர் ஒளிவுமறைவின்றியே பதில் சொன்னார்: "அம்மா, அது யாரும் கேக்கறதில்லை. எங்களுக்கு லோடு வர்றது கடியத்துல இருந்து. அங்க என்ன போடறாங்களோ அதுதான் இங்க." ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகே கோதாவரிப் படுகையில் இருக்கும் கடியம், அழகுச் செடி உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே லட்சக்கணக்கில் வளர்க்கப்படும் குரோட்டன்ஸும் காகிதப்பூவும் லாரிகளில் ஏறித் தமிழகத்து நர்சரிகளுக்கு வந்து சேர்கின்றன. கிளையை ஒடித்து நட்டால் சில வாரங்களில் விற்பனைக்குத் தயாராகும் செடிக்கும், விதையிலிருந்து முளைத்து ஒரு முழம் உயரவே ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வீரை மரத்துக்கும் வணிகர் பார்வையில் போட்டியே கிடையாது. வீரையை வளர்த்து விற்பவர் அந்தக் காலத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி இடம் ஒதுக்க வேண்டும். அதற்கேற்ற விலையைக் கேட்டால் வாங்க ஆள் வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய காடு ஒன்று உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மழையில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிக்கொண்டு, பிறகு ஆறேழு மாதம் வறண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையில், இலையுதிர்க்காமல் பசுமையாகவே நிற்கும் உலர் பசுமைக்காடு அது. வீரை, உலக்கைப்பாலை, காசா, குருந்து, களா, காரை ஆகியவை அதன் மரங்களும் புதர்களும். இன்று அது கோயில் காடுகளிலும் சில காப்புக்காடுகளிலும் துண்டுதுண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது; மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றில் ஒன்று. ஆரோவில்லில் குடியேறியவர்கள் இத்தகைய கோயில் காடுகளில் விதை பொறுக்கித்தான் அந்தப் பொட்டல் செம்மண் மேட்டில் இக்காட்டை மீண்டும் எழுப்பினார்கள். சென்னையிலேயே, 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில் அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டபோது இந்த மரங்களையும் நட்டார்கள். ஆகவே கன்றுகளைப் பெருக்கும் முறை தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவர்களிடமிருந்து அது சாலையோரக் கடைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியச் செடி என்பதனாலேயே அது நம் ஊர்ச் செடி ஆகிவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வளரும் மரத்தைச் சென்னையின் உப்புக்காற்றில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவதற்கும் வெளிநாட்டுச் செடியைக் காப்பாற்றுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எது எந்த ஊருக்கு உரியது என்பதை அறிய நம்மிடம் பழையதொரு பட்டியலும் இருக்கிறது. மயிலாப்பூருக்குப் புன்னை, திருவான்மியூருக்கு வன்னி, திருவொற்றியூருக்கு மகிழம், திருமுல்லைவாயிலுக்கு முல்லை என்று தல விருட்சங்களாக அதைக் கோயில்கள் காத்து வருகின்றன. அதே கோயில்களில் நாம் கைகூப்பும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதையும், செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வளர்ந்து நிற்கும் எந்த மரத்தையும் வெட்டச் சொல்லி நான் இதை எழுதவில்லை. புதிதாக நடும்போது தெரிந்து நடுவதற்கு வழி வேண்டும் என்கிறேன்.

அந்த வழியில் முதலாவது, பெயர்ப்பலகை. தமிழ்ப் பெயர் மட்டும் எழுதினால் போதாது. உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்று நாலு மரங்கள் "பாலை" என்ற ஒரே பெயரில் நடமாடுகின்றன. ஒன்றுக்கொன்று இலையும் வேறு, பயனும் வேறு. நெட்டிலிங்கத்தை "அசோகா" என்று விற்பதும் வாங்குவதும் பல காலமாக நடக்கிறது. சீதை அமர்ந்ததாகச் சொல்லப்படும் அசோகு முற்றிலும் வேறு மரம். ஆகவே தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், தோன்றிய இடம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வரிசையின் முன்னும் எழுதி வைக்கும்படி நர்சரி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அட்டைக்கு ஆகும் செலவுதான்.

இரண்டாவது, அரசின் நாற்றங்கால்கள். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் காடும் மரமும் 33 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற நோக்குடன் ஏராளமான கன்றுகளை வளர்க்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் நான் போய்க் கேட்ட ஒரு நாற்றங்காலில், நிலத்துக்குச் சிட்டா வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மொத்தமாக மரக்கன்றுகள் தருகிறோம், வீட்டுக்கு ஒன்றிரண்டு தருவதற்கில்லை, புதர்ச்செடியும் கொடியும் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அரை கிரவுண்டு வீட்டில் தேக்கையும் மகாகனியையும் வைத்து என்ன செய்வது? மகாகனி அமெரிக்க மரம் என்பது வேறு. மனைகளுக்கு ஏற்றவை களா, காரை, நொச்சி, ஆவாரை, விழுதி, ஊசிமுல்லை, காட்டு எலுமிச்சை எனப்படும் குருந்து போன்றவைதாம். மாவட்டத்துக்கு ஒரு நாற்றங்காலிலாவது இவற்றைச் சிறு பைகளில் போட்டு, வாரத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்றால், காசு கொடுத்து வாங்க எங்களைப் போன்றவர்கள் காத்திருக்கிறோம்.

கடையில் கிடைக்கவில்லையே என்று காட்டில் போய்த் தோண்டி எடுப்பது மட்டும் கூடாது. நன்மங்கலம் போன்ற காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அதோடு, வேரறுபட்ட புதர் வீட்டில் பிழைப்பதும் அரிது. விதையும், ஒடித்து நடும் கிளையான போத்தும் போதும். சரக்கொன்றை விதையின் தோல் கெட்டியானது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்தால் முளைக்கும். நொச்சியும் பூவரசும் போத்து நட்டாலே வேர்விடும். பழைய ஊர்களில் வேலிக்காலில் நின்ற கிளுவையும் அப்படித்தான் பெருகியது. சுற்றுச்சுவர் வந்த பிறகு அதைப் போத்து ஒடிக்கத் தேடினால்கூடக் கிடைப்பதில்லை.

ஒன்றை மட்டும் நான் கடையில் வாங்காமலே பெற்றேன். எங்கள் தெருமுனைக் காலிமனையில் தரையோடு படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளையைப் பார்த்து, அதன் காய் முற்றி, தலைகீழாகப் பிடித்த சிறு குடையைப் போல் வெடித்து விரிந்தபோது, தட்டையான விதைகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து வந்து வேலியோரம் தூவினேன். ஐந்து முளைத்தன. உள்ளுக்குச் சாப்பிடக் கூடாத, சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடி என்பதால் பேரனிடம் எச்சரித்து வைத்தேன். தை மாதத்தில் ஒரு காலை, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டையும் குங்குமப் பொட்டுகளும் உடைய பட்டாம்பூச்சி ஒன்று, மற்றச் செடிகளை எல்லாம் கடந்து வந்து அந்தக் கொடியின் மேல் தாழ்ந்து பறந்து, இலை இலையாகத் தொட்டுப் பார்த்து முட்டையிட்டது. சில நாட்களில் செம்முட்கள் போன்ற முனைகளுடன் கருஞ்சிவப்புப் புழுக்கள் இலைகளைத் தின்னத் தொடங்கின. அதன் புழு உண்பது இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலைகளைத்தான். எங்கள் வீட்டில் இருக்கும் குரோட்டன்ஸில் ஒரு புழுவையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்தக் காலிமனையில் இப்போது அடித்தளம் போட்டுவிட்டார்கள். கொடி அங்கே இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாக, நம் பகுதிச் செடிகளை விற்கும் நர்சரிகளும் தனியார் நாற்றங்கால்களும் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றன, எந்தக் கன்று எங்கே கிடைக்கும் என்று வாசகர்களிடமிருந்தே விவரம் திரட்டித் தங்கள் நாளிதழ் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டுகிறேன். உண்மையான வெட்சியை விதையிலிருந்து வளர்த்து விற்பவர் செங்கல்பட்டு மாவட்டத்தில் எவரேனும் இருந்தால், அந்தப் பட்டியலில் முதலில் அவரைத்தான் தேடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பாக்கம், சென்னை.