வரவேற்பறைப் பெட்டியும் உன் பெயரிலுள்ள கணக்கும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகள் துளசிக்கு,

குரலால் கேட்டால் பதில் சொல்லும் பேசும் பெட்டி (ஸ்மார்ட் ஸ்பீக்கர்) ஒன்றை நீ அனுப்பினாயே, அதனால் எங்களுக்கு நல்ல பயன் உண்டு. கண்பார்வை மங்கிய எனக்கு மருந்து நேரத்தை அது நினைவூட்டுவது பேருதவி. ஆயினும் அதன் கணக்கு உன் பெயரில் இருப்பதால் சில விடயங்களை உனக்கு எழுத வேண்டியுள்ளது.

அதைக் கூப்பிடும் விழிப்புச் சொல்லைக் கேட்கும்வரை பேச்சு எதுவும் பெட்டியை விட்டு வெளியே போகாது என்று நீ சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சொல்லைப் போன்ற ஒலி கேட்டாலும் அது விழித்துக்கொண்டு, கேட்பதைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. மாமா வந்து காணி உறுதியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே அதன் விளக்கு எரிந்தது. வங்கியிலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் என் அடையாள அட்டை எண்ணையும் அம்மா எனக்கு உரக்க வாசித்துச் சொல்வதும் அதே வரவேற்பறையில்தான்.

அமேசான், கூகுள், அப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களும் இத்தகைய பதிவுகளில் ஒரு பகுதியை ஆட்களை வைத்துக் கேட்பித்தன என்பது 2019இல் செய்தியாக வெளிவந்தது. இயந்திரத்தைத் திருத்த மனிதக் காது தேவைப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. வாங்குபவருக்கு விளங்கும்படி அதை முன்னரே சொல்லாததுதான் குறை. அமெரிக்காவில் அமேசானின் எக்கோ என்னும் பேசும் பெட்டிகள் சிலவற்றில் குரற்பதிவை அனுப்பாதிருக்கும் தெரிவு இருந்தது. அதையும் அமேசான் 2025 மார்ச் 28 முதல் நீக்கிவிட்டது. வாங்கும்போது இருந்த நிபந்தனையை விற்றவரே பின்னர் மாற்றலாம் என்றால், எதை நம்பி வாங்குவது? பிள்ளைகளின் குரற்பதிவுகளை வைத்திருந்தது தொடர்பான வழக்கில் அதே நிறுவனம் 2023இல் 2.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இதையும் நினைவில் வை.

நிறுவனங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பதிவானவை உன் கணக்கிலும் சேர்கின்றன. நாங்கள் எடுக்காமலே நீ அழைப்பில் இணையும் வசதியும் இதில் இருக்கிறதாமே. நீ ஒட்டுக்கேட்பாய் என்று சொல்லவில்லை, ஆனால் பெற்றோருக்கும் தமக்குள் கதைக்க வேண்டியவை உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கு மட்டுமான பயன்பாட்டுக்குப் பொருந்தாது. ஆகவே இது நாம்தான் பேசித் தீர்க்க வேண்டிய காரியம்.

பழைய பதிவுகளை அழித்து, இனிமேல் சேர்பவை தாமாகவே அழியும்படி செய். நேரடியாக இணையும் வசதியையும் நிறுத்திவிடு. இவற்றைச் செய்து முடித்ததும் தொலைபேசியில் சொல். அதுவரை விருந்தினர் வரும்போதும் வங்கிக் காரியம் பார்க்கும்போதும் ஒலிவாங்கிப் பொத்தானை அணைத்து வைப்போம்.

அன்புடன்,
அப்பா