மலைக்காற்றுக்கு ஒரு பிளேன்

பண்டாரவளை

அன்பின் செல்வா,

நலம். உன் வீட்டார் எல்லோரும் நலமா? நுவரெலியாவுக்கு மாற்றம் கிடைத்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி வந்துவிடலாம்.

நீ கட்டப்போகிற ரிமோட் மாதிரி பிளேனின் வரைபடத்தைப் பார்த்தேன். இறக்கை 1200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், மொத்த எடை 800 கிராம். திருகோணமலைக் கடற்கரைக்கு அருமையான பிளேன். ஆனால் அதை அப்படியே நுவரெலியாவில் கட்டாதே மச்சான்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். குளிர் காற்றைக் கொஞ்சம் இறுக்கினாலும், கரையோரத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தி சுமார் 17 வீதம் குறைவு. கீழே மணிக்கு 25 கிலோமீட்டரில் மிதக்கிற பிளேனுக்கு மேலே 27க்கு மேல் வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தானே என்று நினைக்காதே. தரையில் ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். தோட்டத்து மைதானங்கள் இருக்கிற அளவுக்கு அது பெரிய விஷயம். மைதானம் முடிகிற இடத்தில் தேயிலை மலை தொடங்கிவிடும்.

இதற்கு இரண்டு வழி. எடையை 665 கிராமுக்கு இறக்கலாம், அல்லது இறக்கையை 1440க்கு நீட்டலாம். முதலாவதில் உடல் நோஞ்சானாகும், இரண்டாவதில் இறக்கை வளையும். நான் நடுவில் நிற்பேன்: நீளம் 1350, அகலம் அதே 200, எடை 750. இறக்கைப் பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 28 கிராம் எடை வரும். கீழே உன் 800 கிராம் பிளேன் பறப்பது போலவே பறக்கும். கிடைவாலை 450க்கு 120 ஆக்கு, அது இறக்கைப் பரப்பில் 20 வீதம். இறக்கைக்கும் வாலுக்கும் இடைத்தூரம் 550 மி.மீ. போதும்.

எடை எங்கே போகிறது என்று பார். மோட்டர் 55 கிராம், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. 25, இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, ரிமோட் சிக்னலை வாங்கும் றிசீவர் 10, மூன்று செல் 1500 mAh லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி 130, புரொப் என்கிற முன் விசிறி, வயர் எல்லாம் 30. கூட்டினால் 290 வரை. மிச்சம் 460 கிராமுக்குள் உடலும் இறக்கையும் பசையும் அடங்க வேண்டும். ஆகவே ஃபோம் போர்டை, அதாவது இரு பக்கமும் தாள் ஒட்டிய நுரைப் பலகையை, வாங்கும் முன் நிறுத்துப் பார். 5 மி.மீ. பலகையில் சதுர மீட்டருக்கு 300 கிராம் வருவதும் உண்டு, 500 வருவதும் உண்டு. உனக்குத் தேவை ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாரமான பலகைதான் கிடைத்தால் உட்பக்கத் தாளை ஈரத்துணியால் துடைத்து உரித்துவிடு. மடிக்கவும் சுகம்.

இறக்கையின் நடுவே மூன்று பட்டிகளை ஒட்டி 15 மி.மீ. உயரத்தில் ஒரு தண்டு வை. மேல் கீழ் தோலோடு மொத்தத் தடிப்பு 25 வரும், அகலத்தில் 12 வீதத்துக்குச் சற்று மேல். நடு 600 மி.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. கார்பன் குழாய். றிசீவர் அன்டெனாக்களை அந்தக் குழாயோடு சேர்த்துக் கட்டாதே; கார்பன் சிக்னலை மறைக்கும். இரண்டு அன்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வை. முன்விளிம்பு பின்விளிம்பைவிட 7 மி.மீ. உயர்ந்தால் 2 பாகை கோணம் கிடைக்கும். சமநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 50 முதல் 55 வரை. முதல் பறப்பில் 50ஐத் தாண்டாதே.

சர்வோவிலிருந்து வால் மடிப்பை அசைக்க சைக்கிள் கம்பி வேண்டாம். மூங்கில் குச்சியின் இரு முனையிலும் சிறு கம்பி கட்டினால் போதும். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு கிராம் வைக்க வேண்டிவரும்.

புரொப் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்று மெல்லியது, ஆகவே ஒரு அங்குலம் பெரிதாகப் போடு என்பார்கள். மோட்டரின் சுமை புரொப் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 அங்குலத்தை 11 ஆக்கினால் சுமை 46 வீதம் கூடும். காற்று குறைத்ததோ 17 வீதம்தான். மோட்டர் கருகும், அதைக் குளிர்விக்கிற காற்றும் மெல்லியதுதானே. விட்டம் 10 அங்குலமே இருக்கட்டும்; இரண்டாவது எண்ணான பிட்சை, அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் அங்குலத்தை, மட்டும் கூட்டு: 10×4.7க்குப் பதில் 10×5, மிஞ்சினால் 10×5.5. முழுத் துரொட்டலில் வாட் மீட்டர் வைத்து அம்பியரைப் பார்த்துவிட்டு முடிவெடு. எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் ஆசை இருந்தால் இப்போதைக்கு மூட்டை கட்டு. அது சுவாசிக்கிற காற்றே குறைவு, பலமும் அப்படியே இறங்கும். மின்மோட்டருக்கு அந்தக் குறை இல்லை.

பனிமூட்டம் ஃபோம் போர்டின் தாளுக்கு எமன். ஈரம் ஏறினால் தாள் கழன்று இறக்கை முறுகும். தண்ணீரில் கரைகிற வார்னிஷை இரு பக்கமும் மெல்லியதாக இருமுறை பூசு. ஒரு பக்கம் மட்டும் பூசினாலும் முறுகும். அடிப்பக்கம் செம்மஞ்சள் நிறம்; வெள்ளைப் பிளேன் மூட்டத்தில் கரைந்துவிடும். தை, மாசிக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், அப்போது பற்றரியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள். குளிர்ந்த லைப்போ தேவைப்படும்போது வோல்ட் விழுத்தும். ஒரு செல்லுக்கு 3.5 வோல்டுக்குக் கீழே போக விடாதே.

காற்று அடங்கியிருப்பது காலையில்தான். வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். மலைமுகட்டின் மறுபக்கம், காற்று சுழன்று விழுகிற இடத்தில் பறக்கவே கூடாது. முகடு மறைத்தால் 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்னலும் அறும். விழத்தான் போகிறது என்றால் கொழுந்து நிற்கிற மலையில் விழட்டும், செடி தாங்கும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்த, மலையில் குச்சிகள் ஈட்டி மாதிரி நிற்கும், ஃபோம் சல்லடைதான்.

சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளை விசாரித்துக்கொள், மைதானத்துக்குப் பொறுப்பானவரிடமும் அனுமதி எடு. தியத்தலாவை இராணுவ முகாம்கள் பக்கம் பறக்க விடும் எண்ணமே வேண்டாம்.

மோட்டர் பூட்டும் முன் வெறும் உடலை இறக்கையோடு நிறுத்து எனக்கு எழுது. 460ஐத் தாண்டியிருந்தால் எதைச் செதுக்கலாம் என்று வந்து பார்க்கிறேன். வாட் மீட்டரை நானே கொண்டு வருகிறேன், வாங்காதே.

அன்புடன்,
ராஜு