பொழுது சாயுமுன் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸுக்குள் குடிபோய்விட வேண்டும் என்று தென்மாவட்டங்களில் வீட்டு வேலைகள் அவசர அவசரமாக நடக்கும் காலம் இது. முகப்புக் கல்லில் எந்த வசனத்தை வெட்டுவது என்று குடும்பமே உட்கார்ந்து பேசும். பெரும்பாலும் ஆசீர்வாத வசனம் ஒன்றுதான் தேர்வாகும். வீடு கட்டுகிறவரைப் பார்த்தே பேசுகிற, பைபிளின் எரேமியா 22:13 யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அயலானிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாமல் மேலறை கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறது அந்த வசனம். அது அன்று யோயாக்கீம் ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. இன்று வங்கிக் கடனில் 1,000 சதுர அடி கட்டுகிறவருக்கும் பொருந்தும்.

வேதம் இதில் பொதுவாக நல்லவனாக இரு என்று சொல்லிவிட்டு நகரவில்லை, நேரமே குறித்திருக்கிறது. “கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24:15 இன்னும் முன்னால் போய், வேலை செய்த நாளிலேயே, “பொழுதுபோகுமுன்னே” என்கிறது. காரணத்தையும் அங்கேயே சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே இருக்கிறான். நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 17-ஆம் பிரிவில், நாட்கூலியை அன்றைய வேலைநேரம் முடியும்போதும், வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்திய வேலைநாளிலும் கொடுக்கச் சொல்கிறது. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துக் கூலியை நிறுத்துகிறவர்கள் குறைவு. பணம் வரும் வழியும் போகும் வழியும் சரியாகத் திட்டமிடப்படாததால்தான் பெரும்பாலும் நிற்கிறது. வங்கி, கடனைக் கட்டம் கட்டமாகத்தான் தரும். அஸ்திவாரம் முடிந்ததும் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். சான்று தாமதமானால் அந்த வாரம் கையில் பணம் இருக்காது. இருக்கிற கொஞ்சத்தில் முதலில் கம்பிக் கடைக்கும் ஜல்லி லாரிக்கும் கொடுக்கிறோம். அவர்கள் அடுத்த லோடை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். சித்தாளுக்கு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை, அதனால் அவர் முறை கடைசியில் வருகிறது. வேதம் சொல்வது இதற்கு நேர்மாறான வரிசை. கடைக்காரருக்குப் பத்து நாள் கடன் தாங்கும், கூலியாளுக்கு ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

ஆகவே அஸ்திவாரம் தோண்டும் முன்பே இரண்டு வாரக் கூலியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள், கூலி 1,000, 700 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4,100 ரூபாய், ஆறு நாளுக்கு 24,600, இரண்டு வாரத்துக்கு 49,200. அந்த ஐம்பதாயிரம் வேறு கணக்கில் கிடக்கட்டும். சிமென்ட் விலை ஏறுகிறது, இப்போதே நூறு மூட்டை வாங்கிப் போடுவோம் என்று தோன்றும் நாளில்தான் அது கரையும். அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தளம் போடும் நாளுக்கான கான்கிரீட் ஆட்களின் பணம் இந்தக் கணக்கில் சேராது. மறுநாள் வேறு ஊருக்குப் போகிறவர்கள் என்பதால் அவர்கள் அன்றைக்கே கணக்கை முடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுவார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு அன்றே கிடைக்கிறது, தினமும் வந்து நிற்பவர் காத்திருக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சனிக்கிழமைச் சம்பளம் வேதத்துக்கு விரோதமா என்று சிலர் கேட்கிறார்கள். வேலையாளே கேட்டு ஒப்புக்கொண்ட வாரக்கணக்கு என்றால் இல்லை. சீட்டுக் கட்டவும் வாடகை கொடுக்கவும் பணம் மொத்தமாக வருவதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி வரை மேஸ்திரி வீட்டு வாசலில் ஆட்களை நிற்க வைத்தால் வசனம் மீறப்பட்டதாகவே அர்த்தம். அந்த நேரத்தில் மளிகைக் கடை அடைத்திருக்கும், டாஸ்மாக் திறந்திருக்கும். நாலரை மணிக்கு வேலையை நிறுத்தி, சாமான் கழுவும் நேரத்தில் கணக்குப் பார்த்து, ஐந்தரைக்குள் கையில் கொடுத்துவிடலாம். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமையே வங்கியில் நூறு ரூபாய்க் கட்டு வாங்கிவிட வேண்டும். ஏடிஎம்மில் பெரும்பாலும் ஐந்நூறுதான் வரும், சில்லறை இல்லை என்று ஐம்பது நூறு பாக்கி நிற்பது அங்கேதான் தொடங்குகிறது. வங்கி லீவு என்ற சாக்கும் இனி எடுபடாது. 2019 டிசம்பரிலிருந்து, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் வழியாக எந்நேரமும் எந்நாளும் பணம் அனுப்பலாம்.

திங்கட்கிழமை ஆள் வராமல் போய்விடுவார் என்று இரண்டு நாள் கூலியைப் பிடித்து வைப்பது சில இடங்களில் தொழில் தந்திரமாகவே நடக்கிறது. யாக்கோபு 5:4 கூக்குரலிடுவதாகச் சொல்லும் கூலி இதுதான், அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி. ஒப்பந்தக்காரரிடம் ஐந்து சதவீதத்தை நிறுத்தி, ஒரு மழைக்காலம் தளம் ஒழுகாமல் இருந்தால் தருவேன் என்பது வேறு. அது எழுதிய ஒப்பந்தத்தில் இருந்தால் நியாயம். ஆனால் அவர் அதைத் தன் லாபத்திலிருந்துதான் தாங்க வேண்டும், ஆட்களின் கூலியில் இறக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுதும்போதே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

ஆளைப் பிடித்து வைக்க இன்னொரு வழியும் உண்டு: முன்பணம் திரும்பும் வரை கொத்தனாரின் கரண்டி, ரசமட்டம், டிரில் மெஷினைப் பூட்டி வைப்பது. வடமாநிலத் தொழிலாளி என்றால் ஆதார் அட்டை. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது என்கிறது, அது ஜீவனையே அடகு வாங்குவதற்குச் சமம் என்பதால். பிழைப்புக்கான கருவி எதுவானாலும் அந்த விதிக்குள் வரும். முன்பணத்தை வாரம் ஒரு நாள் கூலிக்கு மேல் போகாமல் பிடித்தால் அவர் வீட்டு அடுப்பும் எரியும், கடனும் தீரும். அந்நியனான கூலியாளைக் குறித்து அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனம் தனியாகச் சொல்கிறது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவரின் கூலி இடைத்தரகர் கைக்குப் போகிறது என்றால், அது அவருக்கு முழுதாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை ஆஜர் நோட்டைப் பார்த்து நேரிலேயே கேட்க வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் நாள் எண்ணிக்கையையும் தொகையையும் விரலால் காட்டிக் கேட்கலாம்.

மழை வந்து பதினொரு மணிக்கு வேலை நின்றால் அரைநாளா, கால்நாளா என்ற சண்டை அடிக்கடி வரும். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக்காரர் காலையில் வந்தவர்களிடம் கூலியைப் பேசி முடித்த பிறகே உள்ளே அனுப்புகிறார். மழைநாள் கூலி, டீ, பஸ் காசு எல்லாம் முதல் நாளே பேசப்பட வேண்டியவை. கடைசி ஒரு மணி நேரம் வந்தவருக்கும் அவர் முழுக் கூலி கொடுத்தார் என்பதை எல்லாரும் பின்பற்ற முடியாமல் போகலாம். பேசிய கூலியை எல்லாராலும் கொடுக்க முடியும்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதுவே. ஊருக்குப் போகிறோம், பத்து நாள் வர வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டு அந்தப் பத்து நாளைச் சம்பளத்தில் கழிப்பது நியாயமே இல்லை.

ஏற்கெனவே பாக்கி வைத்திருப்பவருக்கும் வழி இருக்கிறது. மற்றவனுக்குரியதை ஒடுக்கிப் பிடித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6:5. 6,000 ரூபாய் பாக்கி என்றால் 7,200. ஆள் ஊர் மாறிப் போயிருந்தால் மேஸ்திரியிடம் எண் வாங்கி அனுப்பலாம். வேலை செய்தவரே உயிரோடு இல்லையென்றால் அவர் குடும்பத்துக்கு. வாங்குவதற்கு உறவினரும் இல்லாத நிலையில்கூட எண்ணாகமம் 5:8 அந்தப் பணத்தைக் கர்த்தருக்குரியதாக ஆசாரியனிடம் சேர்க்கச் சொல்கிறது, நம்மிடம் விட்டு வைப்பதில்லை. இதைத் தீர்க்காமல் தசமபாகம் எடுத்து வைப்பவர் மத்தேயு 5:23, 24-ஐ ஒருமுறை வாசிக்கட்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறது.

சபைகளும் இதற்கு விலக்கல்ல. ஆலய விரிவாக்கம், சமுதாயக் கூடம், குருமனை என்று கட்டும் இடங்களில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து தேவைப்படும். சனிக்கிழமை பொருளாளர் திருமணத்துக்குப் போய்விட்டால் முப்பது பேரின் கூலி திங்கள் வரை நிற்கும். வியாழன் மாலை வரை ஆஜர் நோட்டைக் கூட்டி, வெள்ளியன்றே இருவரும் கையெழுத்திட்டுப் பணத்தை எடுத்துவிடலாம். வெள்ளி, சனி இரு நாள் கூலிக்கு மட்டும் கட்டடக் கமிட்டிச் செயலாளர் கையில் ஒரு முன்பணம் இருக்கட்டும். அடுத்த வாரக் காசோலையில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். தணிக்கையிலும் சிக்கல் வராது, வாரம் தவறாமல் கையெழுத்துடன் கூலிப்பட்டியல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்