கரும்பு வளர்ந்ததும் சென்சார் பேசாமல் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண் ஈரம் காட்டும் வயர்லெஸ் சென்சார்கள் நடவு நேரத்தில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, கரும்பு ஆள் உயரம் தாண்டியதும் தகவல் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. பழுது என்று கழற்றி அனுப்பும் முன் பயிரைப் பாருங்கள். தோகையில் இருக்கும் நீர்தான் சிக்னலைக் குடிக்கிறது.

இவற்றில் பல, உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸில் லோரா முறையில் (குறைந்த மின்சாரத்தில் சிறு தகவல்களை நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை) இயங்குபவை. பெட்டியில் போட்டிருக்கும் '10 கி.மீ.' வெட்டவெளிக் கணக்கு. தழை அடர்ந்த 100 மீட்டரைக் கடக்கையில் கூடுதலாக சுமார் 19 டெசிபல் போய்விடும். அதாவது, தழை இல்லாதபோது வரும் சிக்னல் சக்தியில் வந்து சேர்வது எண்பதில் ஒரு பங்கு. மரத்தழையில் ரேடியோ சிக்னல் எவ்வளவு இழக்கும் என்று சொல்லும் வீஸ்பெர்கர் சூத்திரம் தரும் இந்தக் கணக்கு கரும்புக்குத் தோராயமே. மழையிலும் பனியிலும் இலை நனைந்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஆன்டெனாவைப் பயிருக்கு மேலே தூக்குவதே முதல் வைத்தியம். 4 மீட்டருக்கு மேல் உயர்ந்த குழாயின் உச்சியில் பெட்டியையும் ஆன்டெனாவையும் பொருத்தி, சென்சார் வயரை மட்டும் மண்ணுக்கு இறக்குங்கள். இரும்புக் குழாய் என்றால் ஆன்டெனா அதன் நுனிக்கு மேலே நிற்க வேண்டும்; குழாயை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கம் செத்துவிடும். சென்சார்களின் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே பெட்டியைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஆன்டெனாவுக்கு அடியிலேயே வையுங்கள். கீழே அறையில் வைத்து 10 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு சக்தி கேபிளிலேயே போய்விடும்.

தென்னந்தோப்பில் கதை வேறு. அங்கே மட்டைகள்தான் தடை. சென்சார், கேட்வே இரண்டின் ஆன்டெனாக்களும் மட்டைக்குக் கீழே, தண்டுகளுக்கு நடுவே, வரிசை ஓடும் திசையில் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பது நல்லது.

சிக்னல் குறைந்ததும் சிலர் ஸ்பிரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு மெதுவாக அனுப்புவது என்ற லோரா அமைப்பு எண்ணை) 7-லிருந்து 12-க்கு ஏற்றிவிடுகிறார்கள். எட்டும் தூரம் கூடும், உண்மைதான். ஆனால் அதே செய்தியை அனுப்ப 20 மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். உயரத்தைச் சரிசெய்யாமல் இதில் கைவைக்க வேண்டாம்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபேக்டர் 7-ல் ரிசீவர் பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த சிக்னல் ஏறத்தாழ −123 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு). பயிர் வளர்ந்தால் அளவு இதை நோக்கி இறங்கும். நடவன்றே −100-க்குக் கீழே காட்டும் இடத்தில் சென்சாரை நட்டுப் பணம் வாங்காதீர்கள். பயிர் முழு உயரம் வந்தபின், மழை பெய்த மறுநாள் காலையில் மீண்டும் அளந்து, அந்த எண்ணையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள்.

– வாசகர், கோபிசெட்டிபாளையம்